காய்ச்சல் விட்ட ராத்திரி: பச்சை காட்டின ஸ்கிறீனும் குளிர்ந்த காலும்

விடிய அஞ்சு மணி இருக்கும், நான் காலமை மருந்து ட்ரொலிய அடுக்கிக்கொண்டு நிக்கிறன், பதினோராம் கட்டிலடியில இருந்து ஒரு அம்மா எழும்பி வந்து மெதுவாக் கூப்பிட்டவ. "மிஸ், புள்ளைக்குக் காலு ரெண்டும் ஜில்லுன்னு இருக்குங்க, கொஞ்சம் வந்து பாக்குறீங்களா." எங்கட நேர்ஸிங் ஸ்டேசன் ஸ்கிறீன்ல அந்த நேரம் பதினோராம் கட்டில் பச்சை. ராத்திரி பத்து மணியில இருந்தே பச்சை. நான் ட்ரொலிய விட்டிட்டுப் போய், "போர்வையக் கொஞ்சம் தூக்குங்கோ அம்மா" எண்டு சொல்லி அந்தப் பெடியன்ர பாதத்தில கை வைச்சன். ஃபிரிட்ஜுக்குள்ள இருந்து எடுத்த போத்தல் மாதிரிக் கிடந்தது. அவன் முழிச்சுத்தான் இருந்தான், கேட்டதுக்கெல்லாம் வடிவா மறுமொழி சொன்னான், "காய்ச்சல் விட்டுட்டுது மிஸ், இப்ப பரவாயில்ல" எண்டும் சொன்னான்.

இந்தக் கேஸ முழுசா எழுதி வைக்கோணும் எண்டு நான் நினைச்சது அந்தப் பச்சை நிறத்துக்காகத்தான். இப்ப கொழும்பில எந்த ஆஸ்பத்திரியிலயும் ஏ.ஐ. வருது, நோயாளிக்கு ஆபத்து எவ்வளவு எண்டு முன்கூட்டியே சொல்லுது எண்டு கதைக்கினம், வாங்கிறவையும் விக்கிறவையும் டொக்டர்மாரும் கதைக்கினம், ஆனா ராத்திரி டியூட்டியில அந்த ஸ்கிறீனுக்கு முன்னால நிக்கிற ஆக்கள் எழுதினத நான் தமிழில எங்கயும் காணேல்ல. நான் கொழும்பில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில மெடிக்கல் வாட் நேர்ஸ். ஆஸ்பத்திரிப் பேரும் சொஃப்ட்வேர்க் கொம்பனிப் பேரும் எழுதப்போறதில்லை. பெடியன் ஆரெண்டு தெரியாமல் இருக்க வயசு, வேலை, கட்டில் நம்பர் மாத்தியிருக்கிறன். பிறஷர், பல்ஸ், ரத்த ரிப்போட் கணக்குகள் மாத்தேல்ல, ஏனெண்டா விசயமே அதுக்குள்ளதான் கிடக்கு.

முதல்ல எங்கட ஸ்கிறீனுக்குப் பின்னால ஓடுற இந்த ஏ.ஐ. சிஸ்டம் என்ன செய்யுது எண்டு சொல்லுறன். ஒவ்வொரு கட்டிலுக்கும் நாங்கள் எடுக்கிற பல்ஸ், பிறஷர், காய்ச்சல், மூச்சு, ஒக்சிஜன் எல்லாத்தையும் டாப்லெட்டில அடிக்கிறம், லாப்பில இருந்து ரத்த ரிப்போட் தானா வந்து சேருது, வயசும் பழைய வருத்தங்களும் ஏற்கனவே உள்ள இருக்கு. எல்லாத்தையும் சேத்துப் பாத்து அடுத்த ஒரு நாளுக்குள்ள இந்த ஆள் மோசமாகிற வாய்ப்பு எவ்வளவு எண்டு அது ஒரு கணக்குப் போட்டு பச்சை, மஞ்சள், சிவப்பு எண்டு காட்டும். சிவப்பு வந்தா ஆர்.எம்.ஓ. எண்டுற டியூட்டி டொக்டற்ற ஃபோனுக்கு அடிக்கும். இதுவரைக்கும் ஒருத்தருக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனா இன்னொரு விசயம் இருக்கு, அதை சிஸ்டம் வந்த முதல் கிழமை நாங்கள் ஒருத்தரும் பெருசா எடுக்கேல்ல: எத்தினை மணித்தியாலத்துக்கு ஒருக்கா கட்டிலடிக்குப் போய்ப் பாக்கோணும் எண்டதையும் அந்த நிறம்தான் முடிவெடுக்குது. மஞ்சள் எண்டா ரெண்டு மணித்தியாலம். பச்சை எண்டா நாலு.

இது புதுசாக் கண்டுபிடிச்ச ஒண்டும் இல்லை. லண்டன்ல இருக்கிற றோயல் கொலிஜ் ஒஃப் பிசிசியன்ஸ் 2012ல நியூஸ் எண்டு ஒரு ஸ்கோர் கொண்டு வந்தவை, 2017 டிசம்பர்ல அதைத் திருத்தி நியூஸ் ரெண்டு ஆக்கினவை. மூச்சு, ஒக்சிஜன், ஒக்சிஜன் குடுக்கிறமா எண்டது, மேல் பிறஷர், பல்ஸ், நினைவு, காய்ச்சல் எண்டு ஏழு விசயம், ஒவ்வொண்டுக்கும் பூச்சியத்தில இருந்து மூண்டு வரைக்கும் புள்ளி, கூட்டி எடுத்தா அஞ்சோ அதுக்கு மேலயோ வந்தா உடன ஆளைக் கூப்பிடோணும், ஏழோ அதுக்கு மேலயோ எண்டா எமேர்ஜன்சி. ஒண்டில இருந்து நாலுக்குள்ள எண்டா குறைஞ்சது நாலில இருந்து ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பாத்தாக் காணும் எண்டு அதிலயே இருக்கு. பேனையால கூட்டிப் போடலாம், ஏ.ஐ. தேவையே இல்லை. எங்கட சிஸ்டம் இதைவிடக் கனக்க விசயத்தப் பாக்குது, ஆனா எலும்புக்கூடு இதேதான்.

இனி அந்த ராத்திரி.

பெடியன் ஹற்றன் பக்கம், கொட்டாஞ்சேனையில போடிங், ஒரு அலுவலகத்தில கணக்கு வேலை, இன்சூரன்ஸ் காட் இருந்தபடியால தனியாருக்கு வந்தவன். காய்ச்சல் தொடங்கி மூண்டாம் நாள் அட்மிற் பண்ணினது, டெங்கு எண்டு உறுதி. நாலாம் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு காய்ச்சல் 39.2, பல்ஸ் 112, பிறஷர் 114க்கு 70, மூச்சு 20, ஒக்சிஜன் 98. பிளேட்லெட் 92,000. ரத்தம் எவ்வளவு தடிச்சிருக்கு எண்டு காட்டுற பி.சி.வி. 41. ஸ்கிறீன் மஞ்சள். ராத்திரி பத்துக்கு காய்ச்சல் 38.3, பல்ஸ் 106, பிறஷர் 112க்கு 76. மஞ்சள் போய்ப் பச்சையாச்சு. பச்சையானதால அடுத்தது ரெண்டு மணிக்குத்தான். ரெண்டு மணிக்கு காய்ச்சல் 37.1, பல்ஸ் 98, பிறஷர் 108க்கு 80. பச்சை. அடுத்தது ஆறு மணிக்கு.

அஞ்சு பத்துக்கு, அந்த அம்மா கூப்பிட்டு நான் போய் எடுக்கேக்க காய்ச்சல் 36.8, பல்ஸ் 108, பிறஷர் 102க்கு 84.

டெங்கு வாட்டில வேலை செய்த ஆருக்கும் இந்தக் கடைசிக் கணக்கப் பாத்த உடன நெஞ்சு ஒருக்கா இடிக்கும். மேலையும் கீழையும் உள்ள பிறஷருக்கு இடையில பதினெட்டுத்தான். இருபதோ அதுக்குக் கீழயோ வந்தா அது ஷொக், அதாவது உடம்புக்குப் போற ரத்தம் காணாமல் போற நிலை, மேல் பிறஷர் நூறுக்கு மேல நிண்டாலும் ஷொக்தான். நகத்த அமத்தி விட்டா நிறம் திரும்பி வர ரெண்டு செக்கனுக்கு மேல எடுத்தது. ஒண்டுக்குப் போனவனோ எண்டு தாயிட்டக் கேட்டன், "பதினொரு மணிக்குப் போனது தாங்க, அதுக்கப்பறம் போகவே இல்ல" எண்டா. வயித்துக்குள்ள இறுக்கிப் பிடிக்கிற மாதிரி இருக்கு எண்டு அவன் ஒரு மணி போலவே சொல்லியிருக்கிறான். அந்த நேரம் நிண்ட சின்ன நேர்ஸ் தங்கச்சிக்குத் தமிழ் விளங்காது, அவ சிங்களத்தில கேக்க இவன் அரைகுறையா "பட ரிதெனவா" எண்டு சொல்ல, வயித்துநோவு எண்டு அவ விளங்கிக்கொண்டு கஸ்ரிக் மருந்து குடுத்திருக்கிறா, டாப்லெட்டில வயித்துநோவு எண்டு அடிக்க ஒரு பெட்டி இல்லாதபடியால அது உள்ள போகவே இல்லை. அவவில பிழை சொல்ல நான் இதை எழுதேல்ல. மூண்டு மொழி நடமாடுற வாட்டில நோயாளி சொல்லுறதில பாதி ஒரு மொழியில இருந்து மற்றதுக்குப் போகேக்கயே உதிர்ந்து போகுது, மிச்சத்தில இலக்கமா இருக்கிறது மட்டும்தான் மெசினுக்குப் போகுது, இது எங்கட கொழும்பு வாட்டுகளின்ர உண்மை நிலைமை.

ஆர்.எம்.ஓ. டொக்டர் அஞ்சு நிமிசத்தில வந்திட்டார். கிலோவுக்குப் பத்து மில்லி கணக்கில அவனுக்கு 500 மில்லி நோர்மல் சேலைன், ஒரு மணித்தியாலத்தில. அவசரமா அனுப்பின ரத்தத்தில பி.சி.வி. 50. நாப்பத்தொண்டில இருந்து அம்பது எண்டா இருபது வீதத்துக்கு மேல கூடியிருக்கு, அதாவது ரத்தத்தில இருக்கிற தண்ணி குழாயால வெளியால கசியுது, மிஞ்சி நிக்கிற ரத்தம் தடிச்சுப்போச்சு. ஆறு இருபதுக்கு பிறஷர் 108க்கு 78, கால் சூடாகத் தொடங்கிச்சு, கிட்ட நிண்டு பாக்கிற எச்.டி.யூ. வாட்டுக்கு மாத்தினம். ஸ்கான் பண்ண நெஞ்சறையிலயும் வயித்திலயும் தண்ணி. ரெண்டு நாள் மணித்தியாலக் கணக்கில அளந்து அளந்து தண்ணி குடுத்து, பிறகு உடம்பெல்லாம் சொறிஞ்சு சிவப்புப் புள்ளி போட்டு, பசிக்குது எண்டு சோறு கேட்டான். உயிர் தப்பிப் போனபடியாலதான் நான் இவ்வளவு நிதானமா இருந்து எழுதுறன்.

கேஸ் முடிஞ்சாப்பிறகு நான் அவன்ர பி.எச்.ரி. எண்டுற கட்டில் ரிக்கற்ற எடுத்து வைச்சு, நாலு நேரத்துக்கும் நியூஸ் ரெண்டு ஸ்கோர நானே கையால கூட்டிப் பாத்தன். பின்னேரம் ஆறு மணிக்கு நாலு. பத்து மணிக்கு ரெண்டு. ரெண்டு மணிக்கு ரெண்டு. ஷொக்கில கிடக்கேக்கயும் ரெண்டு. திருப்பிக் கூட்டினன், ரெண்டுதான். காய்ச்சலோட நல்லா இருந்தவனுக்கு நாலு, சாகக் கிடந்தவனுக்கு ரெண்டு.

ஏன் எண்டு கேட்டா, டெங்குவின்ர குணம் அது. காய்ச்சல் அடிக்கிற நாளில ஆபத்து இல்லை, காய்ச்சல் விடேக்கதான் கசிவு தொடங்கும், அந்த ஆபத்துக் காலம் இருபத்திநாலில இருந்து நாப்பத்தெட்டு மணித்தியாலம். காய்ச்சல் இறங்கினா ஸ்கோருக்குப் புள்ளி குறையும், காய்ச்சலோட பல்ஸும் கொஞ்சம் இறங்கும், அதுக்கும் புள்ளி குறையும். உடம்பு தண்ணிய இழக்க இழக்க கை கால் ரத்தக் குழாயெல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சு மேல் பிறஷர விழ விடாமல் வைச்சிருக்கும், அதனால கீழ் பிறஷர் ஏறும், ரெண்டும் கிட்டக் கிட்ட வரும். ஆனா நியூஸ் மேல் பிறஷர மட்டும்தான் எண்ணுது. எழுபதில இருந்து எழுபத்தாறு, எண்பது, எண்பத்திநாலு எண்டு அவன்ர கீழ் பிறஷர் படிப்படியா ஏறினது நாலு தரமும் டாப்லெட்டில சரியா அடிச்சுக் கிடக்கு. ஸ்கோர் கூட்டுற கை அந்தப் பெட்டிப் பக்கமே போகேல்ல. நினைவும் கடைசி வரைக்கும் தெளிவா இருக்கும், டெங்குப் பெடியள் கதைச்சுக் கதைச்சே விழுந்து போறத நான் கண்டிருக்கிறன்.

எங்கட சிஸ்டம் நியூஸ் இல்லை, அதைவிடப் பெரிசு எண்டு கொம்பனி ஆக்கள் சொல்லுவினம், சரி. ஆனா அதுவும் பச்சைதான் காட்டிச்சு. இந்தக் கேஸுக்குப் பிறகு கொம்பனி ஆக்களோட நடந்த கூட்டத்தில நான் கேட்டன், இதைப் பழக்கினது எந்த நாட்டு ஆஸ்பத்திரித் தரவில எண்டு. வெளிநாட்டில எண்டவை. அதுக்குள்ள டெங்கு நோயாளிகள் எத்தினை பேர் எண்டு கேட்டன், பாத்துச் சொல்லுறம் எண்டவை, இண்டைக்கு வரைக்கும் பதில் வரேல்ல. பழக்கின இடத்தில காய்ச்சல் இறங்கினா ஆள் சுகப்படுறான் எண்டுதான் அது ஆயிரக்கணக்கான தரம் கண்டிருக்கும். எங்கட நாட்டில 2017ம் ஆண்டு மட்டும் 186,000க்கு மேல டெங்குச் சந்தேக நோயாளிகள் பதிவானவை. அந்த வருசம் கொழும்பு வாட்டுகளில நிலத்தில பாய் போட்டு ஆக்கள் கிடந்தத வேலை செய்தவை ஒருத்தரும் மறக்கேல்ல. எங்களுக்கு டெங்கு ஒரு ஓரத்து வருத்தம் இல்லை, ஒவ்வொரு மழைக்கும் வாற வருத்தம்.

ஆனா இது டெங்குவோட மட்டும் முடியிற கதை இல்லை, அதாலதான் நான் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினன். அமெரிக்காவில எபிக் எண்டுற கொம்பனி செய்த செப்சிஸ் கணிக்கிற மொடல் ஒண்டு நூற்றுக்கணக்கான ஆஸ்பத்திரியில ஓடிக்கொண்டிருந்தது. செப்சிஸ் எண்டா கிருமித் தொற்றோட சண்டை பிடிக்கப் போய் உடம்பு தன்னையே அடிக்கத் தொடங்கிற நிலை, ஒவ்வொரு மணித்தியாலமும் முக்கியம். மிச்சிகன் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில 2018 டிசம்பரில இருந்து 2019 ஒக்டோபர் வரைக்கும் வந்த 27,697 பேரின்ர 38,455 அனுமதிகள எடுத்து, அந்த மொடல் உண்மையில எவ்வளவு சரி எண்டு வெளியால இருந்து பாத்து 2021ல ஜாமா இன்டேர்னல் மெடிசின் எண்டுற மருத்துவச் சஞ்சிகையில எழுதினவை. செப்சிஸ் வந்தது 2,552 பேருக்கு. அதில 1,709 பேருக்கு, அதாவது நூத்துக்கு 67 பேருக்கு மணி அடிக்கவே இல்லை. ஆனா மணி அடிச்சது மொத்த ஆக்களில நூத்துக்குப் பதினெட்டுப் பேருக்கு. அடிச்சு அடிச்சு நேர்ஸ்மாரக் களைக்க வைச்சு, அடிக்க வேண்டிய இடத்தில சும்மா இருந்திருக்கு. நோய் வரப்போற ஒராளையும் வராத ஒராளையும் பக்கத்தில பக்கத்தில விட்டு ஆருக்கு ஆபத்து கூட எண்டு கேட்டா, நூத்துக்கு 63 தரம்தான் சரியாச் சொல்லிச்சு. காசு சுண்டிப் போட்டாலே அம்பது தரம் சரி வரும்.

அதைவிட என்னைப் பிடிச்சு நிப்பாட்டினது அதே பல்கலைக்கழகத்து ஆக்கள் 2024ல செய்த அடுத்த ஆய்வு. 77,582 அனுமதி. இந்த முறை அவை கேட்டது சரியான கேள்வி எண்டு நான் நினைக்கிறன்: மணி அடிக்கிற நேரம் டொக்டருக்கு ஏற்கனவே தெரியுமா? ஆஸ்பத்திரியில இருந்த முழு நேரத்தையும் சேத்து எண்ணினா அந்த மொடல் நூத்துக்கு 87 தரம் சரி. செப்சிஸ் எண்டு சொல்லுற அளவுகோலத் தொட முந்தி உள்ள நேரத்த மட்டும் பாத்தா 62. ரத்தத்தில கிருமி இருக்கா எண்டு கல்ச்சருக்கு அனுப்ப முந்தி உள்ள நேரத்த மட்டும் பாத்தா 53. டொக்டருக்குச் சந்தேகம் வந்து ரத்தம் எடுத்து மருந்து எழுதினாப் பிறகு மொடலுக்கும் தெரியுது, அதுக்கு முந்தி அதுக்கும் தெரியாது. நோயாளிய அது வாசிக்கேல்ல, டொக்டற்ற கையெழுத்த வாசிச்சிருக்கு.

இதை வாசிச்ச அண்டைக்கு எனக்கு எங்கட வாட் முழுக்க வேற மாதிரித் தெரிஞ்சது. 2018ல பி.எம்.ஜே. எண்டுற மருத்துவச் சஞ்சிகையில பொஸ்ரன்ல ரெண்டு ஆஸ்பத்திரியின்ர 669,452 நோயாளிகள வைச்சு ஒரு ஆய்வு வந்தது, ஒப்பிட்டுப் பாத்த 174 ரத்தப் பரிசோதனையில 118க்கு, ரிசல்ட் என்ன எண்டதவிட எந்த நேரம் எடுக்கச் சொன்னது எண்டதுதான் ஆள் தப்புவானா எண்டதக் கூடச் சரியாச் சொல்லிச்சாம். யோசிச்சுப் பாத்தா எங்களுக்குப் புதினமில்லை. காலமை எட்டு மணிக்கு எடுக்கிற எஃப்.பி.சி., அதாவது ரத்த அணுக்கள எண்ணுற பரிசோதனை, வழமை, விடிய மூண்டு மணிக்கு ஒராள எழுப்பி எடுக்கிற எஃப்.பி.சி. எண்டா ஆரோ ஒருத்தர் பயந்திருக்கினம். அந்தப் பயம்தான் தரவு. பதினோராம் கட்டிலுக்கு அண்டு ராத்திரி ஒருத்தரும் பயப்படேல்ல, அதால மெசினும் பயப்படேல்ல. பச்சை எண்டபடியால நாங்கள் குறைச்சுப் பாத்தம், குறைச்சுப் பாத்தபடியால அதுக்குக் குறைச்சுத்தான் தெரிஞ்சது, குறைச்சுத் தெரிஞ்சபடியால பச்சையாவே நிண்டது. ரெண்டு மணிக்கும் அஞ்சு பத்துக்கும் இடையில அந்தப் பெடியனப் பற்றி அதுக்கு ஒண்டுமே தெரியாது, தெரியாது எண்டு சொல்ல அதுக்கு நிறமும் இல்லை, கடைசியாக் குடுத்த அளவையே இப்பத்தைய அளவு மாதிரி வைச்சுக்கொண்டு இருந்தது. சாம்பல் நிறம் ஒண்டு இருந்திருந்தா, மூண்டு மணித்தியாலமா ஒருத்தரும் பாக்கேல்ல எண்டு காட்டியிருந்தா, நான் போயிருப்பன்.

ஆஸ்துமாக் கதையையும் இதோட சேத்துச் சொல்லோணும், 2015ல ஒரு ஆய்வில வெளியால வந்தது. நியூமோனியா வந்த ஆக்களில ஆருக்குச் சாவு ஆபத்து கூட எண்டு மெசினப் பழக்க, ஆஸ்துமா இருந்தா ஆபத்து குறைவு எண்டு அது கற்றுக்கொண்டுது. நடந்தது என்னெண்டா, ஆஸ்துமாக்காரர் நியூமோனியாவோட வந்தா அந்த ஆஸ்பத்திரியில நேர ஐ.சி.யூ.க்கு ஏத்தி வடிவாப் பாத்திருக்கினம், அதால தப்பியிருக்கினம். அந்தக் கணக்க நம்பி ஆஸ்துமாக்காரர வீட்ட அனுப்பியிருந்தா எத்தினை பேர் போயிருப்பினம். எங்கட கேஸும் இதோட ஒண்டுவிட்ட சொந்தம்தான்.

உள்ள போற இலக்கத்தைப் பற்றியும் ஒரு வசனம். விரலில மாட்டுற ஒக்சிஜன் கிளிப் கறுப்புத் தோலில உள்ளதவிடக் கூடுதலாக் காட்டலாம் எண்டு 2020ல நியூ இங்கிலாந்து ஜேர்னல்ல வந்தது: கிளிப் 92க்கும் 96க்கும் இடையில காட்டினவையில உண்மையா ரத்தத்தில 88க்குக் கீழ இருந்தது வெள்ளைக்காரரில 3.6 வீதம், கறுப்பினத்தவரில 11.7 வீதம். எங்கட ஆக்களின்ர தோல் நிறத்த நினைச்சுக்கொண்டு நான் இப்ப 94 கண்டா மூச்ச ஒரு முழு நிமிசம் எண்ணுறன்.

இதெல்லாம் எழுதினபடியால நான் ஏ.ஐ. வேண்டாம் எண்டு சொல்லுறன் எண்டு எடுக்கக்கூடாது. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆக்கள் தங்கட அஞ்சு ஆஸ்பத்திரியில 590,736 நோயாளிகளக் கண்காணிச்ச ஒரு செப்சிஸ் சிஸ்டத்தப் பற்றி 2022ல எழுதினவை. மணி அடிச்சு மூண்டு மணித்தியாலத்துக்குள்ள பொறுப்பான ஒராள் பாத்து ஓம் எண்டு உறுதிப்படுத்தின நோயாளிகளில, அப்பிடி உறுதிப்படுத்தாதவையோட ஒப்பிட்டா சாவு 18.7 வீதம் குறைவு. சின்ன விசயமில்லை அது. ராத்திரியில முப்பது கட்டிலுக்கு மூண்டு பேர் நிக்கிற வாட்டில, ஒரு கண் கூட இருந்தா நாங்கள் கும்பிட்டு வாங்குவம். அங்க வேலை செய்தது என்னெண்டு பாத்தா, மணி அடிச்ச உடன ஒராள் வந்து பாத்து மறுமொழி குடுத்தது. எங்கட சிஸ்டத்த எங்களை வரச் சொல்லுறதவிட, வரத் தேவையில்லை எண்டு சொல்லுறதுக்குத்தான் கூடப் பாவிச்சது. ஆள் குறைவு, அதால பச்சையான கட்டில விட்டிட்டு மஞ்சளுக்குப் போங்கோ எண்டது மேலிடத்து யோசினை. ஆளக் கூப்பிடிறதுக்கு ஒரு மெசினும், ஆள நிப்பாட்டிறதுக்கு ஒரு மெசினும் ஒரே அளவு சரியா இருந்தாக் காணாது. கூப்பிட்டு அது பிழைச்சா எனக்கு ஒரு நடை வீண். வரவேண்டாம் எண்டு சொல்லி அது பிழைச்சா ஒரு பிள்ளை.

எங்கட நாட்டிலயே ஆக்கள் இதைச் செய்து பாத்திருக்கினம் எண்டதும் தெரியோணும். கொழும்பில இருந்து நடத்துற நிக்ஸ் எண்டுற வலையமைப்பு ஐ.சி.யூ. நோயாளிகளுக்கு ஒரு பதிவேடு வைச்சிருக்கு, வெளிநாட்டு ஸ்கோர்கள் கேக்கிற லாப் பரிசோதனை எல்லாம் எங்கட பக்கம் எல்லா இடத்திலயும் இல்லை எண்டபடியால, தெற்காசிய ஐ.சி.யூ.க்களின்ர தரவ வைச்சு லேசான ஒரு ஸ்கோர் 2017ல வெளியிட்டவை. பாதை தெரியாத விசயமில்லை. எங்கட வருத்தம், எங்கட வாட், எங்கட எழுத்துப் பழக்கம் எல்லாத்திலயும் வைச்சு உரசிப் பாக்காமல் சங்கிலிய வாங்கிப் போட்டதுதான் பிழை.

கூட்டத்துக்குப் பிறகு என்ன மாறினது? டெங்கு எண்டு அட்மிற் பண்ணின ஆளுக்கு நிறம் காட்டுறத நிப்பாட்டினம், அந்தக் கட்டில் ஸ்கிறீன்ல வெறுமையாத்தான் இருக்கும், எத்தினை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எண்டத டொக்டர் எழுதுவார். இதுக்குச் சண்டை பிடிச்சது எங்கட வாட் சிஸ்டர், முப்பது வருச சேர்விஸ், கூட்டத்தில எழும்பி நிண்டு சிங்களத்தில சொன்னா, காய்ச்சல் விட்ட டெங்கு நோயாளிய நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்காப் பாக்கச் சொன்னா நான் அந்தக் கடதாசியில சைன் வைக்கமாட்டன் எண்டு. ஒருத்தரும் மறுத்துக் கதைக்கேல்ல. நான் கேட்ட வேற ரெண்டு விசயம் இன்னும் வரேல்ல. ஒண்டு, மூண்டு மணித்தியாலத்துக்கு மேல அளவு இல்லாத எந்தக் கட்டிலுக்கும் சாம்பல் நிறம். மற்றது, வீட்டு ஆக்கள் வந்து பயமா இருக்கு எண்டு சொன்னா அமத்திறதுக்கு ஒரு பட்டன். தாய் சொன்ன "ஜில்லுன்னு இருக்கு" எண்டது அண்டைக்கு இருந்த எல்லாத் தரவிலயும் நல்ல தரவு, அதை வைக்கிறதுக்கு அந்த டாப்லெட்டில இடமே இல்லை. பிள்ளைக்கு இப்பிடி ஒரு ஸ்கோர் ஓடுது எண்டும் அந்த அம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. தனிப்பட்ட தரவப் பாதுகாக்க 2022ம் ஆண்டின் 9ம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கிற நாடு இது, ஆனா சட்டத்துக்காக இல்லாட்டியும், தாய்க்குச் சொல்லியிருக்கோணும் எண்டுதான் நான் நினைக்கிறன். சொல்லியிருந்தா அவ ஸ்கிறீன நம்பிக் கூப்பிடாமல் விட்டிருப்பாவோ எண்டு ஒரு நேர்ஸ் கேட்டவ. அந்தக் கேள்விக்கு என்னட்ட மறுமொழி இல்லை, அது எனக்கு ராத்திரியில திரும்பத் திரும்ப வருது.

டாப்லெட்டில மேல் பிறஷரில இருந்து கீழ் பிறஷரக் கழிச்சுக் காட்டுற பெட்டி வேணும் எண்டு கொம்பனிக்கு எழுதிக் குடுத்திருக்கிறம். அது வாற வரைக்கும் டெங்குக் கட்டிலின்ர கடதாசிச் சார்ட்டில நான் ஸ்கேல் வைச்சு ஒரு வரிசை கூடக் கீறி விடுறன், சிவப்புப் பேனையால. புதுசா வாற பிள்ளையளுக்கு முதல் நாள் காட்டுறதும் அதைத்தான்: மேலதில இருந்து கீழதக் கழி, இங்க எழுது, முப்பதுக்குக் கீழ வந்தா என்னைக் கூப்பிடு, காலத் தொட்டுப் பார். மே மாசத்து மழை தொடங்கிட்டுது. இண்டைக்கு மூண்டு சார்ட்டில கீறினன்.